சூடு ஆறாத மெத்தை

வேலை முடிந்து காலையில் வந்து படுத்தால் மெத்தை சூடாக இருந்தது. பேருந்தில் ஓர் ஆள் எழுந்த இடத்தில் உடனே உட்காரும்போது பின்பக்கம் உறைக்குமே, அந்த அசிங்கமான வெதுவெதுப்பு. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து விரிப்பை உதறினான். அந்த விடுதியில் ஒரே கட்டிலைப் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று வாடகைக்கு விடுவார்கள். பகல் அவனுக்கு. இரவில் எவனோ படுத்துப் புரண்டுவிட்டுப் போகிறான் என்று நினைத்துக்கொண்டான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்?

நீளமான கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறைகள் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அவனுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. காயாத துணி, எலி மூத்திரம், பாச்சை மருந்து எல்லாம் கலந்து ஒரு வாடை எப்போதும் மூக்கிலேயே நின்றது. குளியலறையில் கால் வைத்தால் பாசி விரலிடுக்கில் கொழகொழவென்று ஏறும். சோப்பை எடுத்தால் யாருடைய முடியோ சுருண்டு ஒட்டியிருக்கும். கட்டிலுக்கு அடியில் பூசணம் பூத்த செருப்புகளும் ஒரு துணிமூட்டையும் கிடந்தன. இரவு ஆளுடையது என்று எண்ணி அவன் அவற்றைக் காலால்கூடத் தொடவில்லை.

"ஏங்க, பகல்ல நல்லாத் தூங்குறீங்களா?" என்று மனைவி தினமும் போனில் கேட்பாள்.

"மெத்தை நல்லா மெத்துன்னு இருக்கு. படுத்ததுதான் தெரியும்."

பொய்தான். ஆனால் வேறென்ன சொல்வான்? ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் மெஷின் கூடத்தில் இரவு வேலை. வேலை நிரந்தரமானால் குடும்பத்தோடு தங்க கம்பெனியே வீடு தரும். மகள் பிறந்ததிலிருந்து அவன் அவளைச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் தூக்கி வைத்திருந்ததில்லை. அவளுடைய சிரிப்பைப் பதிவு செய்து போன் மணியாக வைத்திருந்தான். மனைவி கூப்பிட்டால் குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கும். அதைக் கேட்டால் எந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொண்டான். வெதுவெதுப்பு மெல்ல ஈரமாக மாறியது. தலையணையில் செதில் செதிலாக ஏதோ உதிர்ந்து கிடக்கும். பொடுகு என்று ஊதித் தள்ளினான். எழும்போது பனியன் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு, பழைய பிளாஸ்திரியை உரிப்பதுபோல் பிரிந்து வந்தது. முதுகு அரித்தது. சொறிந்த விரலை முகர்ந்தால் புளித்த பால் வாடை. குமட்டிக்கொண்டு வரும். இரவு ஆள் குளிக்கவே மாட்டான் போலிருக்கிறது, தரித்திரம் பிடித்தவன் என்று வாய்க்குள் திட்டிக்கொள்வான்.

ஒருநாள் காலையில் அவனுடைய வேலை நிரந்தரமானது. சாயங்காலம் கம்பெனி வீட்டுச் சாவி. அன்றைக்கே மனைவியும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடுவதாக வார்டனிடம் சொல்லிவிட்டு, மூட்டை கட்ட அறைக்கு வந்தான். விரிப்பு ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதை உருவினான்.

விரிப்பில் ஓர் ஆள் படுத்திருந்த அளவுக்குப் பழுப்புக் கறை. தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் தெரிந்தது. கறை பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம்தான் கறை கருத்திருக்கும். படுத்தவனின் வேர்வை என்றால் மேல்பக்கம் கருக்கும்.

திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம்தான் கருத்திருந்தது.

விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வாசல் மேஜைக்குப் போனான். வார்டனுக்குக் 'கொட்டாவி' என்று பெயர். வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, என் கட்டில்ல ராத்திரி படுக்குறது யாரு?"

"உன் கட்டில்லயா? நீ வந்ததுலேர்ந்து ராத்திரிக்கு ஆளே அமையலப்பா. சும்மாதான் கிடக்கு."

"அப்ப அடியில கிடக்குற செருப்பு?"

"உனக்கு முன்னாடி ஒரு டிரைவர் இருந்தான். சொல்லாம கொள்ளாம போயிட்டான். அதுக்கு முன்னாடி இருந்த சமையல்காரனும் அப்படித்தான்." வார்டனுக்குக் கொட்டாவி வந்தது. "செருப்பைக்கூட எடுக்காம அப்படி என்ன அவசரமோ."

அவன் அறைக்குத் திரும்பினான். மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கே போய் உட்கார்ந்துவிடலாம். போயிருக்க வேண்டும். ஆனால் அன்று சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்டு பார்த்திருந்தான். கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. இந்தக் கோலத்தில் போய் நின்றால் குழந்தையை வாங்கிக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்தான். தரையில் துண்டை விரித்துப் படுத்தான். கண் செருகும்போது உதட்டில் ஏதோ ஊர்ந்தது. துப்பினான். பாச்சை. அதன் கால் ஒன்று நாக்கிலேயே தங்கிவிட்டது. வாந்தியை அடக்கிக்கொண்டு எழுந்து, வாயைத் துடைத்தபடி, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பலாமென்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

இதமான சூடு. முதுகு தானாகச் சாய்ந்தது. ஒரு நிமிஷம் என்று நினைத்தான்.

குழந்தை சிரித்தது. தலைமாட்டில் போன். கையை நீட்டினான். கை வரவில்லை.

கண்ணுக்கு மேலே மெத்தை உறையின் கோடுகள் தெரிந்தன. துணியின் இழைகளுக்கு அப்பால் விளக்கு. உறை அவனுக்கு மேலே இருந்தது. அடியில் இல்லை.

முதுகுக்குக் கீழே ஏதோ அசைந்தது. ஈரமாக. இன்னொரு முதுகு. தோலும் தோலும் ஒட்டியிருந்தன. புளித்த பால் வாடை. அவன் காதருகே வெதுவெதுப்பான மூச்சு, போய், வந்தது. அதற்கும் கீழே இன்னொரு மூச்சு. அது மெல்லியது. பழையது.

கதவு திறந்தது.

"பாத்தியா, சாயங்காலம் காலி பண்றேன்னவன், இவனும் போறப்ப சொல்லாம கொள்ளாம போயிட்டான்," வார்டனின் குரல். "மூட்டையும் கிடக்கு, செருப்பும் கிடக்கு." சரக் சரக்கென்று அவை கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டன.

"போனையும் விட்டுட்டுப் போயிருக்காரேண்ணே." புது ஆள். வயசு குறைந்த குரல்.

"வந்து கேட்டா குடுப்போம். நீ படு."

குழந்தை மறுபடி சிரித்தது. பஸ் நிலையத்தில் இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு அவள் அம்மா நிற்பாள். வாசலையே பார்த்துக்கொண்டு.

கத்த வாயைத் திறந்தான். வாய் நிறையப் பஞ்சு. ஈரப் பஞ்சு. நாக்கு எங்கே முடிந்தது, பஞ்சு எங்கே தொடங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. கனமான, சோப்பு வாசனையடிக்கும் உடம்பு ஒன்று அவன் நெஞ்சின்மேல், வயிற்றின்மேல், தொடையின்மேல் இறங்கியது. விலா எலும்புகள் மெல்ல விரிந்து அதற்கு இடம் கொடுத்தன.

"சூடா இருக்கேண்ணே."

"பகல் ஆள் இப்பதானே எந்திரிச்சுப் போயிருக்கான்."

விளக்கு அணைந்தது. புது ஆள் புரண்டு, அவனுடைய தோள்குழியில் தன் தலையை வாகாகப் பொருத்திக்கொண்டான்.

"கொஞ்சம் ஈரம்தான்," என்றான் இருட்டுக்குள். "ஆனா நல்லா மெத்துன்னு இருக்கு."

தலைமாட்டில் குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது.