சாக்கடை வாடையும் அப்பாவின் தூக்கமும்

வாலுவின் அப்பா இரவில் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்வரை தூங்கவேண்டும். ஆனால், படுக்கையறையை ஒட்டிய சின்னக் குளியலறையிலிருந்து சாக்கடை வாடை வந்து மூக்கைத் துளைத்தது. கதவைச் சாத்தினாலும் விடவில்லை.

ஒருநாள் இரவு வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிடும்போதே அவருக்குக் கண் சொருகியது. இந்தக் கண்ணோடு எப்படி வண்டி ஓட்டுவார் என்று வாலுவுக்குப் பகீரென்றது. அம்மாவும் ஆலை வேலையில் களைத்துப்போய் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே பல ஞாயிறுகள் ஓடிவிட்டன.

வாலு மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடையைத் தூக்கினாள். உள்ளே கிண்ணம்போல ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றியதும் வாடை நின்றது!

சில நாளில் திரும்பவும் வந்துவிட்டது. பரீட்சை நேரம், தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள். அங்கேதான் யாரும் குளிப்பதில்லையே, கிண்ணம் மறுபடி காய்ந்துவிட்டது.

ஓட்டையின் அகலத்தை நூலால் அளந்துகொண்டு, அம்மாவைக் குழாய்க் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்கார அக்கா பளபளவென்று ஒரு புதுச் சல்லடையை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். வீட்டுக்குப் போனால் போதும் என்பதுபோல அம்மா தலையாட்டினாள்.

வாலு அதைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் அதே கிண்ணம்.

"அக்கா, இதுலயும் தண்ணி நின்னாத்தானே வாடை வராது? எங்க வீட்ல அந்த ரூமை யாரும் புழங்குறதில்ல. காஞ்சுபோயிடும்."

"அப்படியா? அப்ப ரப்பர் மூடி வெச்சது எடுத்துக்கோம்மா. தண்ணி விழுந்தா திறக்கும், நின்னா தானா மூடிக்கும்."

வாலு நூலை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

வீட்டில் அம்மா பழைய கிண்ணத்தை நெம்பி எடுத்தாள். விளிம்பில் அப்பியிருந்த முடியையும் அழுக்கையும் வாலு பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். புதியதை வைத்து அழுத்தியதும் இறுக உட்கார்ந்தது. வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். கடகடவென்று இறங்கியது. அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எழுந்திருக்கத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தவர்தான். வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் குறட்டை கூடம்வரை கேட்டது.

"இந்தச் சத்தத்துக்கு ஒரு மூடி கிடைக்குமான்னு கடையில கேக்கணும்டி," என்றாள் நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா.

வாலு சிரித்துக்கொண்டே திரும்பினாள். அதற்குள் அம்மாவும் தூங்கிப்போயிருந்தாள். வாலு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் விளையாடப் போனாள்.