வேளாவின் கொம்பு

பழவேற்காட்டில் என் அக்கா ஆரிபாவின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். நெய்ச்சோறு மணந்தது. அதற்கும் அடியில் ஏரிச் சேற்றின் வாடை, வீட்டுக்குள்ளேயே.

வாசல் நிலைக்கு மேல் புதிதாக ஒன்று தொங்கியது. இரண்டு பக்கமும் பல் வைத்த, ரம்பம் போன்ற வேளா மீனின் கொம்பு. கண்ணேறு படாமலிருக்க மாட்டுவார்கள். வேளா இனமே அற்றுப்போய்விட்டது என்றுதான் ஊரில் பேச்சு.

“ஏது மச்சான்?”

சிராஜ் மச்சான் தரையைப் பார்த்தார். “நம்ம வலையில மாட்டிக்கினு இருந்துச்சு. கரைக்குக் கொண்ணாந்தா கேஸு. கொம்ப மட்டும் அறுத்துக்கினு, உசுரோட தண்ணில வுட்டேன். புண்ணியம்தான?”

புண்ணியமாம். அந்தக் கொம்பால் துழாவித்தான் அது இரை தேடும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்கா தன் மகள் சிஃபாவைத் தட்டின் முன் உட்கார வைத்தாள். பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

சிஃபா முகத்தைச் சோற்றின்மேல் இறக்கினாள்.

இடமும் வலமுமாக மெல்லத் துழாவினாள்.

“வாப்பா, சோறு எங்க?”

“கொம்ப மாட்டுன அன்னிலேர்ந்து இப்டித்தான் தௌஹீத்,” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஊட்டுனாலும் வெளிய வந்துடுது. கண்ணுல கோளாறு இல்லன்னு பொன்னேரி டாக்டர் சொல்லிட்டாரு. புள்ள செத்துடும்டா.”

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. கொம்பைக் கழற்றிக்கொண்டு நானும் மச்சானும் படகில் முகத்துவாரத்துக்குப் போனோம். காற்றே இல்லை. மச்சான் அழுதுகொண்டே அதைத் தண்ணீரில் விட்டார்.

“எடுத்துக்கோ. எம் புள்ளைய வுட்டுரு.”

படகின் அடியில் ஏதோ உரசியது.

இடமிருந்து வலம். வலமிருந்து இடம்.

பிறகு நின்றது. போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிஃபா எழுந்து வந்தாள். என் முகம், மச்சான் முகம், அக்கா முகம், ஒவ்வொன்றின் மேலும் தன் முகத்தை வைத்துத் துழாவினாள். அவள் கன்னம் சில்லிட்டிருந்தது.

“இன்னா கண்ணு தேடுற?” மச்சான் அவள் முன் குனிந்தார்.

“என்னைய மாதிரியே ஒண்ண.”

“நாங்க எல்லாம் இருக்கோமேடா.”

“இல்ல வாப்பா. யாருமே இல்ல.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த வாயை இன்னும் எங்களால் திறக்க முடியவில்லை.