சாப்பாடு கண்ணில் படட்டும்!

“நீ வேன்ல வந்துடு. மத்தவங்க எல்லாம் நடந்து வரட்டும்” என்றார் விளையாட்டு சார்.

முகாம் வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த குருவி நிமிர்ந்து பார்த்தாள். குருவி என்பது அவளுடைய பட்டப்பெயர். ஓர் இடத்தில் நிற்காமல் தத்தித் தத்தித் திரிவதால் பள்ளிக்கூடமே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

“வேன்ல சமையல் பாத்திரம்தானே சார் வருது? நான் என்ன பாத்திரமா?”

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

“உனக்குச் சர்க்கரை நோய் இருக்கும்மா. பாதி மலையில மயக்கம் போட்டு விழுந்தா, உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அம்மாவும் டாக்டரும் சேர்ந்து யோசிச்சுத்தான் சார் என்னை அனுப்பினாங்க” என்று சொல்லிவிட்டு, குருவி தன் பையைத் திறந்து காட்டினாள்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்க்கும் சின்ன மீட்டர், பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசி, பழச்சாறு டப்பாக்கள், பிஸ்கட் பொட்டலங்கள், தண்ணீர் பாட்டில். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

“நாம சாப்பிடுறது உடம்புல சர்க்கரையா மாறும். அதைப் பயன்படுத்த இன்சுலின் வேணும். அது உங்க உடம்புல தானா சுரக்குது. என் உடம்புல சுரக்காது, அதனால ஊசி போட்டுக்கறேன். நடந்தா சர்க்கரை சீக்கிரம் செலவாகும். அதான் டாக்டர் சொன்ன மாதிரி இன்னிக்குக் காலையில ஊசி அளவைக் குறைச்சிருக்கேன். அளவு இறங்கினா எனக்கே தெரியும் சார்.”

சார் தலையைச் சொறிந்தார். அவர் நல்லவர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் அவருக்குக் குரல் கனத்துவிடும்.

“சரி, நடந்தே வா. ஆனா ஒரு நிபந்தனை. வழியில ஒரே ஒரு தடவை உனக்கு முடியாம போனாலும், நாளைக்கு ஏரியில படகு கிடையாது. கரையில உக்காந்து வேடிக்கைதான் பார்க்கணும்.”

குருவிக்குப் பக்கென்றது. இந்தச் சுற்றுலாவை அறிவித்த நாளிலிருந்து அவள் தூக்கத்தில்கூடத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும், “சரி சார்” என்றாள்.

மலையுச்சியில் ஒரு பார்வைக் கோபுரம் இருந்தது. பாதை நெடுக மரங்களில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார்கள். மூன்று மூன்று பேராக அணி பிரித்து, முதலில் கோபுரத்தைத் தொடும் அணிக்குக் கைதட்டல் என்று சொல்லிவிட்டு, சார் முன்னால் போனார். கடைசியில் வரும் பொறுப்பு கணக்கு டீச்சருக்கு.

குருவியின் அணியில் அவளோடு இன்னும் இரண்டு பேர். ஒருவன் பயில்வான், வகுப்பிலேயே பெரிய உருவம், பெரிய பசி. இன்னொருத்தி கேள்விக்குறி, வாயைத் திறந்தால் கேள்விதான்.

“இந்த மரத்துக்கு ஏன் பட்டை உரியுது? மேல போனா காத்து ஏன் குளிருது? பயில்வான், நீ ஏன் இப்படிப் புஸ்புஸ்ஸுன்னு மூச்சு விடறே?”

“நீ பேசற பேச்சுக்கும் சேர்த்து நான்தான் மூச்சு விடறேன்” என்றான் பயில்வான்.

மூவரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பாதி வழியிலேயே மற்ற அணிகளையெல்லாம் தாண்டிவிட்டார்கள். தூரத்தில் கோபுரத்தின் சிவப்புக் கூரை தெரிந்தது.

அப்போதுதான் குருவியின் கைவிரல்கள் லேசாக நடுங்கின. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. காலுக்குக் கீழே பாதை பஞ்சு போல அமுங்கியது.

இன்னும் கொஞ்ச தூரம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டால் முதலிடம். யாருக்கும் எதுவும் தெரியாது. நாளைக்குப் படகும் உண்டு.

குருவி நின்றாள்.

“எனக்குச் சர்க்கரை இறங்குது. உக்காரணும்.”

“இப்பவா?” பயில்வான் கோபுரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு பெரிய பாறையின் மேலிருந்த சருகுகளைக் கையால் தள்ளி, “இங்க உக்காரு” என்றான்.

மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. குருவி பழச்சாறு டப்பாவில் குழலைக் குத்தி உறிஞ்சினாள்.

“இப்பப் போலாமா?” என்றாள் கேள்விக்குறி.

“கால் மணி நேரம் பொறுக்கணும். அப்புறம் திரும்பப் பார்க்கணும்.”

ஓர் அணி அவர்களைத் தாண்டிப் போனது. இன்னோர் அணியும் போனது. பயில்வானின் முகம் சுருங்கியது. ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை.

கடைசியாகக் கணக்கு டீச்சர் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறினார். குருவி மீட்டரையும் காலி டப்பாவையும் காட்டி விளக்கியதும், “அப்ப நானும் உக்காரலாமா? என் முட்டி உயிரை எடுக்குது” என்று பாறையின் மறுபக்கத்தில் சாய்ந்துவிட்டார்.

மறுபடி பார்த்தபோது எண் ஏறியிருந்தது. கை நடுக்கமும் நின்றிருந்தது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் குருவி சில பிஸ்கட்டுகளைச் சாப்பிட்டாள். பயில்வானின் கண்கள் அந்தப் பிஸ்கட்டையே பின்தொடர்ந்தன.

“இது எனக்கு மருந்து மாதிரி, தர முடியாது” என்ற குருவி, பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். “ஆனா இந்தப் பொட்டலம் உங்களுக்குன்னே கொண்டுவந்தது.”

பயில்வானின் முகம் மலர்ந்தது. வாய் நிறையப் பிஸ்கட்டோடு அவன் மெல்லச் சொன்னான்: “சார்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம். என் ஷூ பிஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம். நாளைக்கு நீ படகுல போகணும்ல?”

குருவிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“வேண்டாம்டா. இப்பப் பொய் சொன்னா, அப்புறம் நான் நல்லா இருக்கேன்னு நெஜமாச் சொன்னாலும் அவர் எப்படி நம்புவாரு?”

அவர்கள் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். குருவி நேராக சாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நான் அப்பவே சொன்னேன்ல? நாளைக்குப் படகு வேண்டாம். வாதாடாதே.”

குருவியின் கண் கலங்கியது. ஆனாலும் கேட்டாள்: “சார், முடியலைன்னு சொன்னா தண்டனைன்னா, நாளைக்கு வேற யாருக்காவது முடியலைன்னா சொல்லுவாங்களா?”

சார் பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. வேன் ஓட்டும் அண்ணன் பேசினார். சாப்பாடு கிளம்பிவிட்டதாம். வளைவு தாண்டினால் வந்துவிடுமாம்.

“இந்தா, சாப்பாடு வந்துட்டே இருக்கு. நீ உன் ஊசியைப் போட்டுத் தயாரா இரு” என்றார் சார்.

“சாப்பாடு கண்ணுல படட்டும் சார். தட்டு கைக்கு வந்தப்புறம் போட்டுக்கறேன்.”

“அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிடப்போகுது?”

“வந்தா ஒண்ணும் ஆகாது. வரலைன்னா?”

வரவில்லை. வளைவிலேயே டயர் பஞ்சராகிவிட்டது. மாற்று டயரிலும் காற்று இல்லை. பிள்ளைகள் கோபுரத்தின் நிழலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குருவி மீட்டரைப் பார்த்து, தேவையான அளவுக்கு மட்டும் பிஸ்கட் தின்றாள். சார் பாதையையும் அவளையும் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான் சொன்னப்பவே நீ ஊசி போட்டிருந்தா?”

“சாப்பிடாம இருக்கும்போது சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கும் சார். காலையில வழியில இறங்கினதைவிட மோசமா.”

சார் மறுபடியும் தலையைச் சொறிந்தார்.

வேன் ஒருவழியாக வந்தது. ரொட்டி, அவித்த முட்டை, காய்கறி, வாழைப்பழம். குருவி தட்டைப் பார்த்தாள், மனத்துக்குள் கணக்குப் போட்டாள், இன்சுலின் போட்டுக்கொண்டாள், சாப்பிட்டாள். சார் கை தட்டி எல்லாரையும் தன் பக்கம் திருப்பினார்.

“எல்லாரும் கேளுங்க. நாளைக்குப் படகுல யாருக்குக் களைப்பு வந்தாலும், தலை சுத்தினாலும், உடனே சத்தமாச் சொல்லணும். சொன்னா யாருக்கும் எதுவும் குறையாது. குருவி, நீ என் படகுல வர்றே. தலைமைத் துடுப்பு உனக்கு.”

குருவியின் வாயில் ரொட்டி இருந்ததால் அவளால் கத்த முடியவில்லை. அவளுக்கும் சேர்த்துப் பயில்வான் கத்தினான்.

மறுநாள் காலை. ஏரி கண்ணாடி போல இருந்தது. குருவி சர்க்கரை அளவைப் பார்த்து, சாப்பிட்டு, உயிர்காப்பு உடையின் பட்டைகளை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பழச்சாறு டப்பா நனையாத பையில் அவள் காலடியில் இருந்தது. துடுப்புகள் ஒன்றாகத் தண்ணீரைத் தள்ளின. படகு வழுக்கிக்கொண்டு ஓடியது.

நடு ஏரியில், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“குருவி... கொஞ்சம் நிறுத்தும்மா. எனக்குக் கை வலிக்குது.”

சார்தான்.

குருவி துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிச் சிரித்தாள். “தாராளமா சார்! அவசரமே இல்லை.”