இலைக்கு நடுவே இரண்டு கண்கள்

மருந்து அடித்து வெகுநேரமாகியும் திராட்சைப் பந்தல் நீலநீலமாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. மயில்துத்தம் கலந்த மருந்து. மேகம் கவிந்து, பட்டப்பகலிலேயே அந்தச் சுருளிப்பட்டித் தோட்டத்துக்குள் கிணற்றடி மாதிரி ஒரு பச்சை இருட்டு. குருவிச் சத்தம்கூட இல்லை...

மருந்து டப்பாவை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த ராக்கையா அப்படியே நின்றுவிட்டார்.

எதிர் வரிசையில், இலைக்கு நடுவே... இரண்டு கண்கள்!

வெள்ளைத் துண்டால் முகத்தை மூடி, கண்ணை மட்டும் விட்டிருந்த ஒரு பெண். அதே கண்கள். எழுபத்துநாலாம் வருஷம், இதே பந்தலில் அவரைப் பார்த்துவிட்டு, கிட்டே போவதற்குள் காணாமல் போன கண்கள்!

முப்பத்துமூன்று வருஷம். அவற்றைத் தேடிக் கூடலூரிலிருந்து பெரியகுளம் வரை எத்தனை கல்யாண வீடுகள்... 'கண் டாக்டர்' என்று ஊர் பட்டம் கொடுத்ததுதான் மிச்சம். 'இப்ப தலையில பாதி முடி, வாயில முக்காவாசிப் பல்லு. இந்த லட்சணத்துலயா வந்து நிப்பா?'

"யாரும்மா... அங்கன?"

கண்கள் இமைக்கவில்லை. பேயாகவே இருக்கட்டும், இன்றைக்கு விடக்கூடாது. காலை எடுத்து வைத்தார். துண்டு அவிழ்ந்தது.

பவுனு!

கொட்டகையில் பழம் அடுக்கும் பவுனு. மருந்து வாடை ஆகாதென்று பந்தலுக்குள் காலே வைக்காதவள். வந்த வரன்களையெல்லாம் சிரித்தே திருப்பி அனுப்பியவள். தினமும் மத்தியானம் தன் தூக்குச்சட்டியிலிருந்து அவருக்கும் சேர்த்துச் சோறு போடுகிறவள். அப்போதெல்லாம் ராக்கையா பார்த்தது சோற்றை. பேசியது அந்தக் கண்களைப் பற்றி.

"என்னய்யா, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற? மூணு மணி பஸ்ஸுக்கு ஆண்டிபட்டி போறேன். இனிமே தம்பி வீட்டோடதான். சொல்லிட்டுப் போக வந்தேன்... வாடை தாங்கல, துண்டைக் கட்டிக்கிட்டேன்."

"பவுனு... அன்னைக்கு இங்கன நின்னதும் நீதானா?"

"என்னைக்கு? கண்ணு கண்ணுன்னே பேசுன, நாளைச் சொன்னியா?"

"எழுபத்துநாலு, ஆடி அமாவாசைக்கு மொத நாளு."

பவுனின் முகம் வெளுத்தது.

"அன்னைக்கு நான் டைபாய்டு வந்து உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில கெடந்தேன்யா. மூணு நாளு நெனவே இல்ல... 'பந்தலுக்குப் போகணும், பாக்கணும்'னே பெனாத்துனேன்னு ஆத்தா சொல்லுச்சு."

"யாரை?"

"கேக்குற கேள்வியப் பாரு..."

ராக்கையாவின் முதுகில் சில்லென்று ஏதோ ஏறியது. தூரத்தில் பஸ் ஹாரன். 'முட்டாப்பயன்னு இவகிட்டயேவா ஒத்துக்கிறது?' வறட்டு கௌரவம் விடவில்லை. ஹாரன் மறுபடி கேட்டது.

"போகாத பவுனு... முப்பது வருஷம் சோத்தையே பாத்துத் தின்னுட்டேன். இனிமே ஒன்னயப் பாத்துத் திங்கணும். ஒன்னய எனக்குப் புடிச்சிருக்கு... அப்பவே புடிச்சிருந்திருக்கு. இந்தக் கழுதைக்குத்தான் தெரியல."

அவள் தோளில் தொங்கிய பையைக் கீழே வைத்தாள். கண் நிறைந்திருந்தது.

"திங்கிறதுலயே இரு! ஒரு நாளாச்சும் எனக்குப் பொங்கிப் போடுவியா?"

"நாளையிலருந்து..."

சிரிக்கப் போனவர்கள் சலசலப்புக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வரிசையில், துளிக் காற்றும் இல்லாமல், ஒரு கொத்து இலை மெல்ல விலகி... மெல்ல மூடிக்கொண்டது.

இத்தனை வருஷம் நின்று கால் கடுத்த யாரோ, வீட்டுக்குப் போகிற மாதிரி.