கண்ணை மூடிட்டா...!

ராயபுரத்தில் ஒரு கண் மருத்துவமனை.

அந்த அறையில் இருந்தவர்கள்... பழைய இரும்பு வியாபாரி அப்துல் வஹாப், கட்டிலில் அவர் மகள் மெஹ்னாஸ், டாக்டர் எழில்மொழி, இன்ஸ்பெக்டர் செங்கொடி.

அவ்வளவுதான்.

"இல்லத்தா... இன்னொருத்தரும் கீறாரு!" மெஹ்னாஸ் அப்பாவின் கையைப் பிடித்து அலறினாள். "ஓரமா... வெள்ளையா... தண்ணி சொட்டச் சொட்ட... வாட்ச்மேன் தவசிமுத்து!"

எண்ணூர் முகத்துவாரத்தில் பிணமாக மிதந்த தவசிமுத்து!

அவனைத் தண்ணீரில் தள்ளியவனைப் பார்த்த ஒரே சாட்சி மெஹ்னாஸ். பார்த்தது ஒரே கண். இடது கண்ணில் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பிடிபட்ட லாரி முதலாளி கிருஷ்ணப்பனை அடுத்த வாரம் அவள் அடையாளம் காட்ட வேண்டும்.

இப்போது அந்த வலது கண்ணிலும் ஓட்டை!

"பேய் இல்லம்மா... பசை!" என்றாள் டாக்டர். "கருவிழி கரைஞ்சு ஓரத்துல ஓட்டை விழுந்திருக்கு. ஒரு துளி திசுப் பசை வச்சு அடைச்சு, மேல லென்ஸ் போட்டிருக்கேன். அதுதான் வெள்ளையா தெரியுது. புண் ஆறினா தானா உதிர்ந்துடும்."

வஹாபின் முதுகு விறைத்தது. "பசையா? செருப்பு ஒட்டுவானே, அதுவா?"

"அதோட தூரத்துச் சொந்தம். ஆனா அது வாசலோட நிக்கணும். இது உடம்புக்குன்னே செஞ்சது. மெஹ்னாஸ், கண்ணை மூடிக்கங்க."

மூடினாள்.

"முன்னாடி இருந்த சின்னப் புண்ணுக்கு நான் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டீங்களா?"

"போட்டேனே... போட்டதும் வலியே தெரியல."

டாக்டரின் முகம் மாறியது. "என் மருந்து அப்படிச் செய்யாது. யாரோ மரத்துப்போற சொட்டை மாத்தி வச்சிருக்காங்க. வலி தெரியாது... கண்ணு உருகிட்டே இருக்கும்!"

"வூட்டுக்கு வந்து போனது யாரு?" செங்கொடி கேட்டாள்.

"எங்க மொஹ்சின் மட்டும்தான்," என்றார் வஹாப்.

"தூக்கிரட்டா?"

"என் தங்கச்சி மவன் ஸ்டேஷன் படி மிதிக்கிறதா?" வஹாப் உறுமினார். "எங்க குடும்பத்தை நானே விசாரிக்கிறேன்!"

போனை எடுத்தார்.

"மொஹ்சின்... மெஹ்னாஸ் கண்ணை மூடிட்டா..."

வைத்துவிட்டார்.

பத்தே நிமிடத்தில் கதவு படாரென்று திறந்தது. வியர்வையில் நனைந்து மொஹ்சின்!

"மாமு! மரத்துப்போற சொட்டுதான் மாமு மாத்தி வெச்சேன்! பார்வை மட்டும்தான் போவும், உசுருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு கிருஷ்ணப்பன் சொல்லி அனுப்புனானே..."

"சொட்டைப் பத்தி இங்க யாருடா கேட்டது?"

பேசியது... கட்டிலில் கிடந்த 'பிணம்'!

மொஹ்சினின் அலறல் துறைமுகச் சங்கையே மிஞ்சியது. செங்கொடி விலங்கை மாட்டினாள்.

"மவுத்தாயிட்டான்னு பொய் சொன்னியே மாமு!"

"கண்ணை மூடிட்டான்னுதான் சொன்னேன். நம்ம வூட்டுல சாவை மவுத்துன்னுதாண்டா சொல்லுவோம். அதைக்கூட மறந்துட்டு அந்தக் கொலைகாரனோட இன்னாடா கூட்டாளித்தனம்?"

சொன்னவரின் குரல் உடைந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

டாக்டர் டார்ச்சோடு குனிந்தாள். மெஹ்னாஸ் மெல்லக் கண் திறந்தாள்.

"அத்தா... தவசிமுத்து போயிட்டாரு."

"எப்படி? பசை அப்படியே இருக்கே..."

டாக்டர் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

மகள் செத்ததாகப் பொய் சொல்லி, தங்கை மகனைப் பிடித்துக் கொடுத்தார் அப்துல் வஹாப் என்று ராயபுரத்தில் இன்றும் ஒரு பேச்சு உலவுகிறது.

தவறு. அவர் சொன்னது முழு உண்மை. மெஹ்னாஸ் கண்ணை மூடினாள்.

திறந்துகொண்டது மொஹ்சினின் வாய்!