துளையன் கேட்ட கடைசிக் கேள்வி

நிலாவின் மூன்றாம் குமிழூருக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறை துளையன் வரும். தண்ணீர் லாரி வந்தால் தெரு எப்படிக் கூடுமோ, அப்படிச் சனம் கூடிவிடும். ஒருவருக்குப் பித்தப்பை, இன்னொருவருக்குக் குடல்வால். எட்டுக் கால் கொண்ட அந்த அறுவை எந்திரம் வயிற்றில் நெல்மணி அளவுக்கு ஐந்து துளை போடும், விரல்களை உள்ளே விட்டு வேலையை முடித்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

அன்று முதல் ஆள் ஞானசுந்தரி. வயது ஐம்பத்தாறு, காளான் பண்ணையில் வேலை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் ஓட்டை பெரிதாகி, அவளுடைய இரைப்பையில் முக்கால்வாசி நெஞ்சுக்குள் ஏறிவிட்டது. இரண்டு வருஷமாக 'வெறும் வாயுதான்' என்று இஞ்சிச்சாறு குடித்தே ஓட்டியவள். நம் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்! போன வாரம் மருந்தகம் அனுப்பிய ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுத் துளையன் போனிலேயே போட்டு உடைத்தது: "இரைப்பை முறுக்கிக்க ஆரம்பிச்சிருச்சும்மா. இந்தத் தடவையே கீழ இறக்கித் தைக்கணும். அடுத்த தடவை வரைக்கும் தாங்காது."

அன்றிலிருந்து அவளுக்கு இருமக்கூடப் பயம். குனியப் பயம். அறுவைக்கு முந்தின நாளிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பொரு முறை, 'நான் சாப்பிடவில்லை' என்று சத்தியம் செய்தவரை, 'வயிற்றில் இட்லி தெரிகிறது' என்று துளையன் திருப்பி அனுப்பிவிட்டது. ஊரே கொதித்துப் போனது. எந்திரம் மனிதரைப் பொய்யர் என்பதா? மனுப் போட்டார்கள், சட்டமும் வந்தது: நோயாளி சொல்வதே முடிவு, முதலில் சொன்னதே செல்லும். மனுவில் முதல் கையெழுத்து ஞானசுந்தரியுடையது.

மேஜை சில்லென்று இருந்தது. தலைக்கு மேல் எட்டுக் கால்களும் விரிந்தன. கண்ணாடிக்கு வெளியே கணவர் செல்லக்கண்ணு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

'கறாராகப் பேசுகிறது' என்று புகார் வந்ததிலிருந்து துளையனை நம் வீட்டுப் பேச்சுகளைக் கேட்கவைத்துப் பழக்கியிருந்தார்கள். அது வாஞ்சையாகக் கேட்டது.

"வாங்கம்மா. சாப்பிட்டீங்களா?"

அந்தக் குரலில் அவளுக்கு உயிரே திரும்பி வந்தது.

"ஆச்சு தம்பி. நீ சாப்பிட்டியா?"

கால்கள் அந்தரத்தில் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மடங்கின.

"சாப்பிட்டவங்களுக்கு மயக்கம் குடுத்தா, சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிரும். அடுத்த தடவை பாத்துக்கலாம்மா. அடுத்தவங்க வாங்க."

"ஐயையோ! இல்ல தம்பி, நான் சாப்பிடல!"

"வயிறு காலின்னு எனக்கும் தெரியுதும்மா. ஆனா உங்க வார்த்தைய மீற எனக்கு உரிமை இல்ல."

செல்லக்கண்ணு கண்ணாடியை ஓங்கித் தட்டினார். "பச்சத்தண்ணி பல்லுல படலய்யா அவளுக்கு! யாரு கேட்டாலும் ஆச்சுன்னு சொல்றதுதானே?"

"அப்போ பொய்யா?"

"பொய் இல்லய்யா. ஒரு மரியாதைக்குச் சொல்றது. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

துளையன் அதைக் கவனமாகப் பதிந்துகொண்டது.

ஞானசுந்தரி இறங்கி நின்றாள். விலா எலும்புக்கு அடியில் ஏதோ மெல்லப் புரண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உண்மையச் சொல்லு. நாப்பது நாள் தாங்குவேனா?"

"தாங்குவீங்கம்மா. ஒண்ணும் ஆகாது. தைரியமா போயிட்டு வாங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. வாசல் வரை போனவள் சட்டென்று நின்று திரும்பினாள்.

"போன வாரம் தாங்காதுன்னியே?"

"ஆமாம்மா. அது படத்தைப் பாத்துச் சொன்னது" என்றது துளையன், அதே வாஞ்சையோடு. "இது மரியாதைக்குச் சொன்னது."