ஆன்டிபாடி படாத ஸ்லைடு

அந்த ஸ்லைடில் பழுப்பு நிறமே வரக் கூடாது. வந்திருந்தது. ஒரே ஒரு புள்ளி, பருப்பில் கிடக்கும் வண்டு போல, நீலத்துக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது.

உமாராணிக்கு இந்த வேலையில் பதினோரு வருட அனுபவம். ஓமானில், சோஹாரில் இந்தத் தனியார் லேபுக்கு வந்தே ஆறு வருடம். மெழுகில் புதைத்த சதையை மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மேலே ஆன்டிபாடி விடுவாள். அது தனக்குரிய புரதத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் சாயம் ஊற்றினால் பிடித்த இடம் மட்டும் பழுப்பாகும், மிச்சமெல்லாம் நீலம். இன்று அவள் தேடியது பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் மட்டுமே இருக்கும் புரதத்தை. பழுப்பு அதிகமானால் கட்டி கெட்டது. சரிபார்க்க ஒரு ஸ்லைடில் மட்டும் ஆன்டிபாடி விடாமல் வைப்பது வழக்கம். அது முழுக்க நீலமாகவே நிற்க வேண்டும்.

கட்டி அவளுடையது. போன மாதம் லீவில் மதுரை போனபோது கழுத்துக்குப் பின்னால் இருந்ததை அறுத்தெடுத்த டாக்டரிடம், "எங்க லேப்லயே பாத்துக்கறேன் சார்" என்று கேட்டு வாங்கினாள். ஃபார்மலின் டப்பாவை மாங்காய் ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவே சொருகிப் பெட்டியில் கொண்டுவந்தாள். படித்தவள் செய்கிற காரியமா இது? ஆனால் அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். கணவன் விஜயபாஸ்கருக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது. அவள் விசாவில்தான் குடும்பமே இங்கே நிற்கிறது. பேரோடு ரிப்போர்ட் வந்தால் எல்லாம் கலாஸ் என்று பயந்துபோய், கட்டிக்குத் தன் பேரைப் போடாமல், சரிபார்க்க வைத்திருக்கும் சதை என்பதுபோல 'கன்ட்ரோல்' என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

நோன்பு மாதம். இரண்டு மணிக்கே லேப் காலி. சூப்பர்வைசர் முகம்மது சித்தீக், கீழக்கரைக்காரர், பையைத் தோளில் மாட்டியபடி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கெளம்பலையா?"

"ஒரு கன்ட்ரோல் சொதப்பிருச்சு பாய். ரிப்பீட் போட்டுட்டுப் போறேன்."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன வாடை இது? ஃபிரிட்ஜுல யாரோ கறிய வச்சு மறந்துட்டாங்க போல. கொமட்டுது. பாத்துத் தூக்கிப் போட்டுரும்மா."

அவர் போனபின் ஏசியின் இரைச்சலும் அந்த வாடையும் மட்டும் மிஞ்சின. ஃபிரிட்ஜில் கறி இல்லை. வாடை அவளுடைய கட்டியைப் புதைத்த மெழுகிலிருந்து வந்தது. ஊசிப்போன இறைச்சியும் ஊறுகாயின் காறல் எண்ணெயும் கலந்த, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் வாடை. கட்டி வியர்த்திருந்தது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததுதான், ஆனால் விரலால் அழுத்தினால் தொந்திக் கொழுப்பு மாதிரி வெதுவெதுப்பாக உள்ளே வாங்கியது. சே என்று கையை உதறினாள்.

வெட்டும்போது அவள் கையுறை போடுவதில்லை. மெழுகுதானே என்று ஒரு அலட்சியம். வழக்கமாகக் கத்தி சரசரக்கும். இன்று சளக்கென்றது. திடுக்கிட்டதில் விரல் நுனி கீறிவிட்டது. பழக்க தோஷத்தில் விரலை வாயில் வைத்துச் சப்பினாள். புளிப்பு. எண்ணெய். அதற்கடியில் வேறொன்று, கொழகொழவென்று. தொட்டியில் மூன்று முறை துப்பினாள்.

சீவிய ஏட்டை வெந்நீரில் மிதக்கவிட்டாள். அது சுருக்கம் நீங்கி அமைதியாகப் படிய வேண்டும். இதன் ஓரங்கள் சுருண்டன, விரிந்தன, மறுபடி சுருண்டன. தண்ணீர் மேல் ஆறிப்போன ஆட்டுக்கறிக் குழம்பின் கொழுப்பு போல ஆடை படர்ந்தது. அருவருப்பை அடக்கிக்கொண்டு ஏந்தி எடுத்தாள். இந்த முறை எந்த ஸ்லைடிலும் ஆன்டிபாடி விடவில்லை. ஒரு சொட்டுகூட. சாயம் மட்டும் ஊற்றினாள்.

நாலரை மணிக்குப் பார்த்தாள்.

முழுக்கப் பழுப்பு.

ஃபார்மலினில் செத்தது. மெழுகில் மூழ்கியது. செத்த செல் பெருகாது. பெருகவே முடியாது. காலையில் பார்த்த ஸ்லைடைத் தேடி எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தாள். ஒற்றைப் புள்ளி இருந்த இடத்தில் இரண்டு. கண்ணைத் துடைத்தாள். நான்கு.

போன் அடித்தது. விஜயபாஸ்கர்.

"உமா, ரிசல்ட் வந்துருச்சா? ஒண்ணும் இல்லதானே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. தடித்திருந்தது. புளித்தது.

கை கழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி. கிட்டே போனாள். வாயைப் பிளந்தாள்.

நாக்கு நீலம் பாரித்திருந்தது. நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. அழுத்திச் சுரண்டினாள். எண்ணெய் கசிந்தது. புள்ளி நடுவில் இடுங்கியது.

இரண்டு.

"உமா? லைன்ல இருக்கியா? ஏதாவது சொல்லும்மா."

நான்கு.